அம்மாவின் ஏடிஎம் கார்டு வட்டிக்காரர் கையில்: என்ன செய்வது?

கேள்வி: தோட்டத்திலிருந்து சுங்கை சிப்புட் பட்டணத்துக்குக் குடிவந்த குடும்பம் எங்களுடையது. அப்பா தவறிய பிறகு அம்மாவின் வங்கிக் கணக்கில் மாதம் 700 வெள்ளி சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பென்ஷன் ஏறுகிறது. தம்பி கல்யாணத்துக்காக அம்மா ஒருவரிடம் 3,000 வெள்ளி கடன் வாங்கி, ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் அவரிடமே கொடுத்துவிட்டார். 14 மாதமாக அவர் 500 வெள்ளி எடுத்துக்கொண்டு 200 வெள்ளியை அம்மாவிடம் தருகிறார். பாக்கி எவ்வளவு என்று கேட்டால் பதில் இல்லை. இப்போது கணக்குப் புத்தகத்தைப் பதிந்து பார்த்தால், யார் யாரோ போட்ட பணமும் வந்து போயிருக்கிறது. கார்டை எப்படித் திரும்ப வாங்குவது? இனி அதை நானே வைத்துக்கொள்ளலாமா? (மகள், சுங்கை சிப்புட், மலேசியா)

பதில்: கார்டைக் கேட்டு அவர் வாசலில் போய் நிற்காதீர்கள், சகோதரி. கடனை அடைத்தால்தான் கார்டு என்று அவர் சொல்வார், அம்மாவும் பயந்து தலையாட்டுவார். கார்டு வேறு, கடன் வேறு. அந்தக் கார்டு நமக்குத் திரும்ப வரவே வேண்டாம், அது செல்லாமல் போனால் போதும்.

வங்கி திறந்ததும் அம்மாவை மைகார்டு என்னும் அடையாள அட்டையுடன் அழைத்துப் போங்கள். நீங்கள் மட்டும் போனால் பேசமாட்டார்கள். 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டம், பிரிவு 133, வாடிக்கையாளரின் விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்கிறது. பழைய கார்டை முடக்கி, புதுக் கார்டும் புதுப் பின் நம்பரும் வாங்குங்கள்.

பலர் அதோடு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அம்மாவின் பெயரில் இணைய வங்கிச் சேவை திறக்கப்பட்டிருக்கிறதா, அதில் எந்தக் கைப்பேசி எண் பதிவாகியிருக்கிறது என்று கட்டாயம் கேளுங்கள். கார்டும் பின் நம்பரும் இத்தனை நாள் கையில் இருந்தவர் தன் எண்ணையே பதிந்திருக்கலாம். அப்படியானால் கார்டு மாறினாலும் அவர் கைப்பேசி வழியாகப் பணம் போய்க்கொண்டேதான் இருக்கும். அந்த எண்ணை நீக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். 14 மாதக் கணக்கறிக்கையும் வாங்கி, பென்ஷன் ஏறிய வரிகளைப் பேனாவால் குறியுங்கள். மிச்சமிருக்கும் வரவுகள்தான் எனக்குக் கவலை தருகின்றன.

வட்டிக்காரரைவிடப் பெரிய ஆபத்து அதுதான். மோசடியில் ஏமாந்தவர்களின் பணம் இப்படிப்பட்ட கணக்குகள் வழியாகத்தான் கைமாறுகிறது. 2024இல் தண்டனைச் சட்டத்தில் 424ஏ தொடங்கிப் புதுப் பிரிவுகள் சேர்த்தார்கள். உரிய அதிகாரமில்லாமல் பிறர் கார்டையோ கணக்கையோ கையில் வைத்திருப்பது குற்றம், தன்னுடையதை அப்படிக் கொடுப்பதும் குற்றம். பணத்தை இழந்த யாரோ ஒருவர் புகார் செய்தால் போலீஸ் தேடி வருவது கணக்குக்காரரை, அதாவது அம்மாவை. அதனால் நீங்களே முந்திக்கொண்டு அன்றைக்கே போலீஸ் ரிப்போர்ட் செய்யுங்கள். முடிந்தால் அதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் அறிக்கையைக் காட்டிவிடுங்கள்.

ரிப்போர்ட்டில் 'கார்டு தொலைந்துவிட்டது' என்று எழுதச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். பொய்த் தகவல் கொடுப்பது தண்டனைச் சட்டம் பிரிவு 182இன் கீழ் தனிக் குற்றம். கடனுக்கு ஈடாகக் கொடுத்ததையும், அந்நியர் பணம் வந்தது இப்போதுதான் தெரிந்தது என்பதையும் உள்ளபடி சொல்லட்டும். எழுதியதைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்ட பிறகு கையெழுத்துப் போடட்டும். பிறகு வாக்குமூலத்துக்கு அழைத்தால், தன்மேல் குற்றம் சுமத்த இடம் தரும் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கும் உரிமை குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 112இல் இருக்கிறது. தடுத்து வைக்கப்பட்டால் ஒய்பிஜிகே என்னும் தேசியச் சட்ட உதவி அறக்கட்டளையின் வழக்கறிஞரைக் கேளுங்கள். அவர்கள் உதவுவார்கள்.

சரி, கடனுக்கு வருவோம். 1951ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டப்படி, உரிமம் இல்லாதவர் போட்ட கடன் ஒப்பந்தத்தை நீதிமன்றம் நிறைவேற்றித் தராது. உரிமம் உள்ளவர் என்றால் எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும், பிரதி அம்மா கையில் இருக்க வேண்டும். அடமானமில்லாக் கடனுக்கு வட்டி ஆண்டுக்கு 18 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 3,000 வெள்ளிக்கு ஆண்டு வட்டி அதிகபட்சம் 540 வெள்ளிதான். அவர் எடுத்திருப்பதோ 7,000 வெள்ளி. இன்னும் பாக்கி இருக்கிறது என்று அவர் சொன்னால், கணக்கை எழுதிக் காட்டச் சொல்லுங்கள். அவருக்கு உரிமம் உண்டா என்பதை வீடமைப்பு, ஊராட்சி அமைச்சான கேபிகேடியிடம் விசாரிக்கலாம். எடுத்த பணத்தை வங்கி ஈடுசெய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பின் நம்பரை அம்மாவே கொடுத்திருப்பதால் அங்கே நம் பக்கம் பலவீனம்.

கார்டை நீங்கள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பெற்ற மகளானாலும் பின் நம்பரைச் சொல்வது வங்கி விதிக்கு மாறு. நாளைக்குப் பணம் காணாமல் போனால் அதையே காட்டிக் கைவிரிப்பார்கள். மாதாமாதம் கூடவே போங்கள், எண்ணை அம்மாவே அழுத்தட்டும். விசாரணையில் இந்தக் கணக்கு முடக்கப்பட்டால் வேறு வங்கியில் கணக்கு திறந்து, சொக்சோ அலுவலகத்தில் கணக்கு எண்ணை மாற்றக் கேளுங்கள். பென்ஷன் நின்றுபோனால் அம்மா மறுபடி கடன்தான் வாங்குவார்.

கார்டு வேலை செய்யவில்லை என்று தெரிந்ததும் அந்த ஆள் வீட்டுக்கு வரக்கூடும். மிரட்டி வசூலிப்பதும் குற்றம்தான். வாசலில் நின்று பேரம் பேசாமல், வந்த நேரத்தையும் சொன்ன வார்த்தைகளையும் குறித்து வைத்து, அதற்குத் தனியாக இன்னொரு ரிப்போர்ட் செய்துவிடுங்கள்.