சிவில் முடித்தவர் ஐடி வேலையில் சேரலாமா?

தம்பி, சிவில் முடித்திருக்கிறீர்கள், ஆசை ஸ்ட்ரக்சுரல் டிசைன் (கட்டடத்தின் பீம், தூண் எல்லாம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்கிட்டு வடிவமைப்பது), கையில் இருப்பதோ ஐடி ஆஃபர், அப்பா சேரச் சொல்கிறார், சரியா? கல்விக்கடன் தவணை வீட்டை நெருக்குகிறது என்றால் தயங்காமல் சேருங்கள். ஆனால் பாண்டு, அதாவது இத்தனை வருஷம் வேலையை விடமாட்டேன் என்ற ஒப்பந்தம், எத்தனை வருஷம் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், ஏனென்றால் மூன்று வருஷம் கழித்து சிவிலுக்குத் திரும்பினால் பெரும்பாலும் ஃப்ரெஷர் சம்பளம்தான்.

நெருக்கடி இல்லையா, ஒரு வருஷம் கட்டுமான சைட்டுக்குப் போங்கள். கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் பீமும் தூணும் சேருமிடத்தில் குனிந்து பாருங்கள், சில இடத்தில் கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் ஊசி நுழையக்கூட இடமில்லாமல் கம்பி நெருங்கிக் கிடக்கும். அதைக் கண்ணால் பார்த்தவர் போடும் டிராயிங்கே வேறு.

அப்புறம் கேட் (GATE), எம்.டெக் சேர்வதற்கான தேர்வு. எந்த வழியில் போனாலும் எழுதுங்கள், ஸ்கோர் 3 வருஷம் செல்லும், அதை வைத்து ஐஐடி, என்ஐடியில் எம்.டெக் கிடைத்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு, அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். கட்டட டிசைன் சாஃப்ட்வேரான ஈடேப்ஸ் (ETABS) கோர்ஸுக்கு இப்போதே பணம் கட்ட வேண்டாம். முதலில் கான்கிரீட் டிசைனுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456-ஐ வைத்து ஒரு பீமைக் கையால் டிசைன் செய்து பாருங்கள், சந்தேகம் வந்தால் இங்கேயே கேளுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.