பாதியில் கிளம்பினால் அட்வான்ஸ் திரும்ப வருமா?

கேள்வி: அக்கா, வேளச்சேரியில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வீடு எடுத்திருக்கிறோம். வாடகை 24,000. அட்வான்ஸ் 72,000, ஆளுக்கு 24,000 போட்டோம். 11 மாத அக்ரிமென்டில் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். ஐந்தாவது மாதம் முடியப் போகிற நேரத்தில் எனக்குக் கோவைக்கு மாற்றல். “உன் பங்கையும் சேர்த்து எங்களால் கட்ட முடியாது” என்கிறார்கள் தோழிகள். “நடுவில் போனால் அட்வான்ஸ் கிடையாது” என்கிறார் ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி. மீதி ஆறு மாத வாடகையை நான் கட்டியாக வேண்டுமா? சேர்ந்து வாங்கிய கிரைண்டரையாவது எடுத்துக்கொள்ளலாமா?
— ஒரு வாசகி, சென்னை

பதில்: நீங்கள் அனுப்பிய அக்ரிமென்ட் போட்டோவைப் பெரிதாக்கிப் படித்தேன். ஒன்பதாவது பாராவைப் பார்த்தீர்களா? ஆறு மாதம் வரை காலி செய்யக்கூடாது, அப்புறம் ஒரு மாத நோட்டீஸ் போதும் என்று இருக்கிறது. ஆன்ட்டி சொல்வது போல 11 மாதமும் கட்டிப்போடும் அக்ரிமென்ட் இல்லை அது.

ஆனால் உங்கள் சிக்கல் ஆன்ட்டியிடம் இல்லை, அந்த மூன்று கையெழுத்தில் இருக்கிறது. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டப்படி, சேர்ந்து கையெழுத்துப் போட்டவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் ஓனர் முழு 24,000-ஐயும் கேட்கலாம். கட்டியவர் மற்ற இருவரிடம் பங்கு வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். “என் பங்கு எட்டாயிரம்” என்பது உங்கள் மூவருக்குள் உள்ள கணக்கு.

எனக்கு இது பட்டுத் தெரியும். வக்கீலான புதிதில் மயிலாப்பூரில் இரண்டு தோழிகளோடு ஒரு போர்ஷனில் இருந்தேன். கல்யாணம் ஆனதும் சாவியைத் தோழியின் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். ஐந்தாறு மாதம் கழித்து ஓனர் கோர்ட் வாசலில் வந்து நின்றார். கக்கத்தில் நாற்பது பக்க நோட்டு. முதல் பக்கத்தில் என் கையெழுத்து, கடைசிப் பக்கத்தில் மூன்று மாத வாடகை பாக்கி. வாய்தாவுக்கு வந்த கட்சிக்காரர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

அதனால் முதலில் இன்றைக்கே நோட்டீஸ் கொடுங்கள். வாட்ஸப்பில் மட்டும் போதாது, மெயிலிலும் அனுப்புங்கள். நோட்டீஸ் மாதம் முடிவதற்குள் ஆறு மாதமும் ஓடிவிடும். அந்த இடைவெளியில் மூன்று பேருமாகச் சேர்ந்து இன்னொரு பெண்ணைத் தேடுங்கள். ஆன்ட்டிக்குத் தெரியாமல் குடியேற்றாதீர்கள்; ஓனரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஆன்ட்டி சம்மதித்தால் புது அக்ரிமென்டே போட்டுவிடுங்கள். அதில் உங்கள் பெயர் இருக்கக்கூடாது, பழையது முடிந்தது என்று ஒரு வரியும் இருக்க வேண்டும்.

அட்வான்ஸ் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம்தான். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டப்படி, வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கியைக் கழித்துக்கொண்டு, ஓனர் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். ஆனால் வீடு காலியாகவில்லையே, தோழிகள் இருக்கிறார்களே! அதனால் உங்கள் 24,000 ஆன்ட்டியிடமிருந்து வராது. புதிதாக வரும் பெண்ணிடமிருந்து வாங்கிக்கொள்வதுதான் வழக்கம். ஜிபேயில் போடச் சொல்லுங்கள், ‘அட்வான்ஸ்’ என்று குறிப்பெழுதச் சொல்லுங்கள். கிளம்பும் அன்று உங்கள் ரூம் சுவர்களை வீடியோ எடுத்து வையுங்கள். பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது சென்னையில் சகஜம்; ஆணி அடித்தது யார் என்ற பஞ்சாயத்து பின்னால் வரும். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும் என்பதால் மீட்டரையும் ஒரு போட்டோ.

ஆள் கிடைக்கவில்லை என்றால்? மூவரும் காலி செய்யலாம், அல்லது ஓரிரு மாதம் உங்கள் எட்டாயிரத்தைக் கட்டித் தேடுங்கள். பாதியில் விட்டுப் போவது நீங்கள்தான், தோழிகள் முகம் சுளிப்பதில் தப்பில்லை.

கிரைண்டரை அங்கேயே விட்டுவிட்டு, உங்கள் பங்குக்குப் புதுப் பெண்ணிடம் ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள். கோவைக்குப் போகிறவர் சென்னையிலிருந்து கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போனால் அந்த ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள்.