ஹோவிக் அருவி: ஜூலையில் அம்மாவுடன் போகலாமா?

தென்னாப்பிரிக்காவின் ஹோவிக் ஊரிலுள்ள இந்த அருவிக்கு, முழங்கால் வலியுள்ள அம்மாவைத் தாராளமாகக் கூட்டிப்போகலாம். பார்வை மேடை ஊருக்குள்ளேயே, வண்டி நிறுத்துமிடத்தின் பக்கத்தில் இருக்கிறது. 95 மீட்டர் அருவியை எதிரே நின்றே பார்க்கலாம். டர்பனிலிருந்து என்3 சாலையில் ஏறக்குறைய 100 கி.மீ.; அரை நாள் போதும்.

சுற்றுலாப் படங்களில் தெரியும் வெள்ளம் மட்டும் ஜூலையில் இருக்காது. அங்கே அது மழையில்லாத குளிர்காலம். போதாததற்கு மேலே மிட்மார் அணை உம்ங்கேனி ஆற்றை மறித்து நிற்கிறது. பணம் கட்டுமுன் வழிகாட்டியிடம், “இந்த வாரம் எடுத்த படம் ஒன்று அனுப்புங்கள்” என்று கேளுங்கள். நூலாக விழுந்தால், தேதி மாற்ற முடியுமென்றால், அங்கே மழை பெய்யும் கோடையான ஜனவரிக்குத் தள்ளுங்கள். ஆனால் கோடையில் சில காலைகளில் மூடுபனி பள்ளத்தாக்கையே மறைத்துவிடும்.

அடிவாரப் பாதை செங்குத்து, பாறை வழுக்கும். அம்மாவுக்கு அது வேண்டவே வேண்டாம். நீங்களும் தனியாக இறங்காதீர்கள்.