சார்ஜர் வேலை செய்யாது என்று வைத்துக்கொண்டு கிளம்புங்கள்: மின்சாரக் காரில் நெடும்பயணம், கேள்வி பதில்

முதலில் 30 யூனிட் (கிலோவாட் மணி) பேட்டரி வண்டி ஓட்டினேன், இப்போது 45 யூனிட். சொந்த ஊர் நாகர்கோவில், வேலை சென்னையில். எனவே வருடத்துக்கு ஐந்தாறு முறை அந்த எழுநூறு கிலோமீட்டரை மேலும் கீழும் ஓட்டியாக வேண்டும். விடுமுறை நெருங்குவதால் நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

தாம்பரத்திலிருந்து ஒரு தம்பி: டாடா நெக்ஸான் மின்சாரக் கார், 45 யூனிட் பேட்டரி, எடுத்து இரண்டு வாரம் ஆகிறது. கம்பெனி 489 கி.மீ. போகும் என்கிறது. மதுரை 460 தானே, நிறுத்தாமல் போய்விடலாமா அண்ணா?

போக முடியாது தம்பி. அந்த 489 சோதனைக் கூடத்தில் எடுத்த கணக்கு. நாலு பேர், டிக்கி நிறையப் பை, ஏ.சி., ஸ்பீடோமீட்டர் 95-ல். இந்த நிலையில் என் வண்டி யூனிட்டுக்கு ஆறே முக்கால் கி.மீ. தருகிறது. 45-ஐ அதால் பெருக்கினால் முந்நூறு சொச்சம். அதுவும் சுழியம் வரை வறண்டு போனால். முந்நூறை வைத்தே கணக்குப் போடுங்கள்.

வீட்டில் நூறு சதவீதம் ஏற்றிவிட்டு விடியற்காலை கிளம்புகிறீர்கள். உளுந்தூர்பேட்டை சுமார் 200 கி.மீ. அங்கே 33 சதவீதம் மிச்சம் இருக்கும். டிபன் சாப்பிடும் நேரத்தில் 75 வரை ஏற்றுங்கள், சார்ஜர் நல்லதாக இருந்தால் அரை மணி நேரம். அங்கிருந்து திருச்சி 130 கி.மீ., 32 சதவீதத்தோடு சேருவீர்கள். ஊருக்கு வெளியிலேயே 65 வரை ஏற்றிக்கொண்டால் மதுரைக்கு இருபதுக்கு மேல் மிச்சத்தோடு போய்விடலாம். இரண்டு நிறுத்தமும் சேர்த்து ஒரு மணி நேரம்.

ஒரே இடத்தில் 95 வரை ஏற்றிவிட்டு நேராகப் போனால் என்ன என்று கேட்பீர்கள். எண்பதைத் தாண்டியதும் பேட்டரி கரண்ட்டை வாங்கும் வேகம் விழுந்துவிடும். குடம் நிரம்பும் நேரத்தில் குழாயைச் சிறிதாக்குகிறோமே, அது மாதிரி. அந்தக் கடைசிப் பதினைந்து சதவீதத்துக்காக ஓட்டலில் இரண்டாவது காபியும் குடித்து முடித்திருப்பீர்கள். நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் இரண்டு இடமாகப் பிரித்தால் ஓர் இடம் காலை வாரினாலும் தப்பிக்க வழி இருக்கும்.

விழுப்புரம், புதுக் கார்க்காரர்: ஆப்பில் "காலியாக இருக்கிறது" என்று பச்சையாகக் காட்டியது. போனால் சார்ஜர் செத்துக் கிடந்தது. எதைத்தான் நம்புவது?

பச்சை நிறத்தை நம்பாதீர்கள், மனிதர்களை நம்புங்கள். பிளக்‌ஷேர் ஆப்பில் (சார்ஜ் போட்டவர்களே அனுபவத்தைப் பதிவிடும் ஆப்) அந்த சார்ஜரைத் திறந்து, கடைசியாக யார் எப்போது வெற்றிகரமாகப் போட்டார்கள் என்று பாருங்கள். நேற்று ஒருவர் 40 கிலோவாட் (சார்ஜ் ஏறும் வேகம்) வந்தது என்று படம் போட்டிருந்தால் பாதி நிம்மதி. மூன்று மாதமாக ஒரு பதிவும் இல்லை என்றால் அது இல்லாத சார்ஜர். மீதிப் பாதி நிம்மதிக்கு, கிளம்புவதற்கு முன் அந்த ஓட்டலுக்கோ பெட்ரோல் பங்குக்கோ போன் போட்டு "இன்னிக்கு வண்டி ஏதாவது சார்ஜ் ஏறுச்சா?" என்று கேளுங்கள். "ஓடுதா" என்று கேட்டால் ஓடுது என்றுதான் சொல்வார்கள்.

இந்தப் பாடம் எனக்கு 30 யூனிட் வண்டியில் கிடைத்தது. இரவு ஒன்றரை மணி, ஒன்பது சதவீதத்தோடு ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். திரை கறுப்பு. பின்னால் பிள்ளைகள் தூக்கம். காவலுக்கு இருந்த பெரியவர் டார்ச் அடித்துக்கொண்டு வந்து, "மத்தியானம் ஒரு பையன் அந்தச் செவப்பு பட்டனை அமுக்கிட்டுப் போனான் சார், அதிலேருந்து இப்படித்தான்" என்றார். அவசர நிறுத்தப் பொத்தான். அம்புக்குறி காட்டும் பக்கம் திருகினேன், டப் என்று வெளியே வந்தது. ஒரு நிமிடத்தில் திரை உயிர் பெற்றது. அன்று தப்பித்தது அந்தப் பெரியவர் புண்ணியம்.

அதிலிருந்து ஒரே விதி வைத்திருக்கிறேன். எந்த சார்ஜருக்குப் போனாலும் அது வேலை செய்யாது என்றே வைத்துக்கொள்கிறேன். அடுத்த சார்ஜர் எத்தனை கி.மீ.யோ, அதற்கு ஆகும் சதவீதம், அதற்கு மேல் ஒரு பத்து. இவ்வளவு மிச்சத்தோடு போய்ச் சேர்ந்தால் வயிறு கலங்காது. மேலே சொன்ன கணக்கில் உளுந்தூர்பேட்டைக்கு 33-ல் போகச் சொன்னது இதனால்தான். அது படுத்துவிட்டால் பெரம்பலூர் 70 கி.மீ., அதற்கு 23 சதவீதம், கையில் பத்து.

ஓசூர் வாசகர்: சார்ஜரில் 60 கிலோவாட் என்று எழுதியிருக்கிறது. வண்டிக்கு 28 தான் வருகிறது. ஏமாற்றுகிறார்களா?

பெரும்பாலும் இல்லை. முதலில் பக்கத்துக் கன்னை, அதாவது வண்டியில் சொருகும் கேபிள் முனையை, பாருங்கள். பல 60 கிலோவாட் பெட்டிகளில் இரண்டு கன் இருக்கும், இன்னொரு வண்டி வந்து சொருகினால் ஆளுக்கு முப்பது. காலியாக இருக்கும் ஒற்றை 30 கிலோவாட்டும், கூட்டமாக இருக்கும் இரட்டை 60-உம் நமக்கு ஒன்றுதான்.

அடுத்தது ஆம்பியர். கிலோவாட் என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவது. கன் 125 ஆம்பியருக்கு மேல் தராத வகை, உங்கள் பேட்டரி 350 வோல்ட் என்றால் 44 கிலோவாட்டுக்கு மேல் வரவே வராது, பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும். ஆம்பியர் வரம்பு பெரும்பாலும் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டில் இருக்கும். நான் புது இடத்துக்குப் போனால் முதலில் அதைத்தான் குனிந்து படிப்பேன். மனைவி இதற்காகக் கிண்டல் செய்வதுண்டு.

இரண்டும் சரியாக இருந்தும் குறைவாக வந்தால் வண்டியைப் பார்க்க வேண்டும். எண்பதைத் தாண்டியிருக்கிறதா, சித்திரை வெயிலில் வேகமாக ஓட்டி வந்து அன்றைக்கே மூன்றாவது முறையாகப் போடுகிறீர்களா? பேட்டரி சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ள வண்டியே குறைத்து வாங்கும்.

சேலத்திலிருந்து ஒரு சகோதரி: கன்னை மாட்டினால் ஏறமாட்டேன் என்கிறது, சில சமயம் கழற்ற வருவதில்லை.

அந்தக் கேபிள் கனம் அதிகம் அக்கா. தன் எடையில் கீழே இழுத்து, உள்ளே முனைகள் சரியாகத் தொடாமல் போகும். ஆப்பில் தொடங்கியதும் கன்னை லேசாக மேலே தூக்கி, உள்ளே அழுத்திப் பிடியுங்கள். 'டக்' என்று பூட்டும் சத்தம் கேட்டு, ஆம்பியர் ஏறத் தொடங்கியதும் விட்டுவிடலாம். கழற்ற வராவிட்டால் ஆப்பில் நிறுத்திவிட்டு, சாவியால் வண்டியை ஒருமுறை பூட்டித் திறங்கள். கன்னைப் பிடித்து வைத்திருப்பது வண்டிதான், சார்ஜர் அல்ல. அதற்கும் மசியாவிட்டால் கையால் விடுவிக்கும் வழி இருக்கிறதா, எங்கே என்று வண்டியின் கையேட்டில் முன்கூட்டியே பார்த்து வையுங்கள். நடுரோட்டில் தேட வேண்டாம்.

ஏ.சி. போடாமல் போனால் எவ்வளவு மிச்சம்? கணவர் கண்ணாடியை இறக்கச் சொல்கிறார். (பெயர் வேண்டாம் என்கிறார்)

உள்ளே குளிர்ந்தபின் ஏ.சி.க்கு மணிக்கு ஒரு யூனிட் சுமார். 90-ல் ஓடும் வண்டி மணிக்குப் பதின்மூன்று யூனிட் தின்கிறது. கண்ணாடியை இறக்கினால் காற்று உள்ளே புகுந்து இழுப்பது தனி. வேகத்தை 100-லிருந்து 90-க்கு இறக்கினால் ஏ.சி. தின்பதைவிட அதிகம் மிச்சமாகும். இதை அவரிடம் காட்டுங்கள்.

வேகத்தைப் பற்றிக் கேட்ட மற்றவர்களுக்கும் சேர்த்து: காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-ல் இருப்பதைப் போல 100-ல் ஒன்றரை மடங்குக்கு மேல். என் வண்டி 80-ல் யூனிட்டுக்கு எட்டு கி.மீ. வரை தரும், 110-ல் ஐந்தரைக்கு வந்துவிடும். சார்ஜ் போதுமா என்று சந்தேகம் வந்த அந்த நொடியிலேயே 80-க்கு இறங்குங்கள். ஆறு சதவீதத்துக்கு வந்தபின் இறங்கிப் பயனில்லை.

வள்ளியூர் வாசகர்: நெல்லையிலிருந்து நாகர்கோவில் போகும்போது மட்டும் சார்ஜ் கரைகிறது. திரும்பும்போது அப்படி இல்லை. வண்டியில் கோளாறா?

எந்த மாதம் என்று எழுதவில்லையே! ஆனி, ஆடி என்றால் கோளாறு வண்டியில் இல்லை, ஆரல்வாய்மொழியில். அரபிக்கடல் காற்று அந்தக் கணவாய் வழியாகத்தான் கிழக்கே பாய்கிறது, முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்பதும் அதனால்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், யூனிட் பறக்காதா? நீங்கள் 90-ல் போக, எதிரே 30-ல் காற்று வந்தால் வண்டிக்கு அது 120 வேகக் காற்று. எதிர்ப்பு முக்கால் மடங்குக்கு மேல் கூடிவிடும். அந்த மாதங்களில் நெல்லையிலேயே பத்துப் பதினைந்து சதவீதம் கூடுதலாக ஏற்றிக்கொள்கிறேன். கோவையிலிருந்து பாலக்காட்டுப் பக்கம் போகிறவர்களுக்கும் இதே கதைதான்.

கோவை: ஊட்டிக்கு ஏறும்போது எவ்வளவு வைத்துக்கொள்ள வேண்டும்?

இது எனக்குப் பிடித்த கேள்வி, ஏனென்றால் காகிதத்திலேயே போட்டுப் பார்த்துவிடலாம். மேட்டுப்பாளையம் முந்நூறு சொச்சம் மீட்டர் உயரம், ஊட்டி 2,240. ஏறுவது 1,900 மீட்டர். ஆட்களோடு 1,800 கிலோ வண்டியை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கி வைக்க மட்டும் ஒன்பது யூனிட்டுக்கு மேல் வேண்டும். ஐம்பது கி.மீ. உருள்வதற்கு இன்னொரு ஆறு. ஆக, பதினைந்து பதினாறு யூனிட், என் வண்டியில் 35 சதவீதம். மேட்டுப்பாளையத்தில் 60-க்குக் குறையாமல் இருந்தால் மேலே போய் ஊர் சுற்றவும் மிச்சம் இருக்கும்.

இறங்கும்போது வேடிக்கை. ஊட்டியில் கிளம்பியதைவிட மேட்டுப்பாளையத்தில் ஏழெட்டு சதவீதம் கூடியிருக்கும், ஏனென்றால் வண்டி தன் வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம் மோட்டாரே ஜெனரேட்டராகிறது. அதனால்தான் விடுதியில் இலவச சார்ஜ் கிடைத்தது என்று நூறு வரை ஏற்றிக்கொண்டு இறங்கக் கூடாது. நிரம்பிய பேட்டரியில் கொட்ட இடமில்லை, மோட்டார் பிடிக்காது, முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். 85-ல் கிளம்புங்கள். சீசன் நாட்களில் ஒருவழிப் பாதையாக்கி கோத்தகிரி வழியாக இறக்கிவிடுவதும் உண்டு, அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எத்தனை ஆப் வைத்துக்கொள்வது? (பலர்)

உங்கள் பாதையில் யார் சார்ஜர் இருக்கிறதோ அத்தனையும். தெற்கே போக எனக்கு ஐந்து. வீட்டில் இருக்கும்போதே பதிவு செய்து, வாலட்டில் ஐந்நூறு ரூபாயாவது போட்டு வையுங்கள். சிக்னல் ஒற்றைக் கோடு காட்டும் இடத்தில் ஓ.டி.பி.க்குக் காத்திருப்பது கொடுமை. சார்ஜரில் காட்டித் தொடங்கும் அட்டை தரும் நிறுவனங்களிடம் அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். தேடும்போது சி.சி.எஸ். 2 (நம் வண்டிக்குச் சேரும் வேகச் சார்ஜர் கன் வகை) என்று வடிகட்டுங்கள், இல்லாவிட்டால் பழைய 15 கிலோவாட் பெட்டிகளும் வந்து நிற்கும், அவற்றின் கன் நம் வண்டிக்குச் சேராது.

பொங்கலுக்கு முதல் நாள் இரவு கிளம்பலாமா?

வேண்டாம். மூன்று வண்டிக்குப் பின்னால் நின்றால் இரண்டு மணி நேரம் போய்விடும். ஒரு நாள் முன்னால் போங்கள், அல்லது அன்றே நண்பகலில். வேறு வழியில்லாமல் வரிசையில் நின்றால், எண்பது ஆனதும் கழற்றி அடுத்தவருக்கு விடுங்கள். சாப்பிடப் போகும்போது கைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதி கண்ணாடிக்குள் வையுங்கள். பெட்ரோல் வண்டியைக் கொண்டுவந்து சார்ஜர் முன் நிழலுக்கு நிறுத்திவிட்டுப் போகிறவர்களைப் பற்றி இங்கே எழுதினால் நாகரிகமாக இருக்காது.

திருமங்கலம்: ஊரில் மாமியார் வீட்டில் 15 ஆம்பியர் பிளக் இருக்கிறது. அதில் போட்டுத் திரும்பிவிடலாமா?

தாராளமாக. அந்த பிளக்கில் மூன்று கிலோவாட் சொச்சம் வரும். இருபதிலிருந்து நூறுக்கு 36 யூனிட், வழியில் வீணாவதையும் சேர்த்தால் பன்னிரண்டு பதின்மூன்று மணி நேரம். இரவு எட்டு மணிக்குப் போட்டால் காலை இட்லி முடிவதற்குள் ஆகிவிடும். மோட்டார் பம்ப் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கினால் இன்னும் இழுக்கும்.

சிக்கல் வருவது எர்த்தில். பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை பேருக்கு இருக்கும், பின்னால் ஒயரே இருக்காது. வண்டியோடு வந்த சார்ஜர் அதைக் கண்டுபிடித்து சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு மறுத்துவிடும். அதை ஏமாற்ற நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்துத் தருகிறேன் என்று எலக்ட்ரீஷியன் யாராவது சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள், வண்டியைத் தொட்டாலே ஷாக் அடிக்கும் அபாயம் அது. உப்பும் கரியும் போட்ட எர்த் குழி இருந்தால், வறண்டு போயிருக்கும், முதல் நாளே இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். ஜன்னல் வழியாக மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுக்க வேண்டாம். வேறு வழியில்லை என்றால் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், சுருட்டாமல் முழுவதும் விரித்துப் போட வேண்டும். போட்டு அரை மணி கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிட்டு, மதுரையில் சார்ஜர் எங்கே என்று பாருங்கள்.