கடற்கரை ஊரில் கோடை வேலை: கையெழுத்துக்கு முன் வேலைக் கடிதத்தைப் படியுங்கள்

வணக்கம் அம்மா.

நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் (என்யூஎஸ்) இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், மே மாதம் தேர்வு முடிந்த கையோடு அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்து ஓஷன் சிட்டிக்குப் போய், விடுமுறை முழுக்க வேலை பார்க்கப் போகிறேன் என்கிறாள். அவள் அப்பா, "இவ்வளவு படிக்க வைத்தது இன்னொருத்தர் மேஜையைத் துடைக்கவா?" என்று கேட்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நீங்கள் தூக்கமில்லாமல் இருக்கிறீர்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகலாம். ஆனால் ஏஜென்ட் கொடுத்த வண்ணப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, முதலாளி அனுப்பும் வேலைக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பயத்தில் எது நியாயமானது, எதை விட்டுவிடலாம் என்பது அந்தக் கடிதத்தைப் படித்தால் தெரிந்துவிடும்.

இது திருட்டுத்தனமாகப் போகும் வழியோ என்று சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். இல்லை. 1961இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய பண்பாட்டுப் பரிமாற்றச் சட்டத்தின் கீழ் வருவது ஜே-1 விசா. அதில் ஒரு பிரிவுதான் கோடைக்கால வேலை-பயணத் திட்டம். முழுநேர உயர்கல்வி மாணவராக இருக்க வேண்டும், குறைந்தது ஒரு பருவமாவது படித்து முடித்திருக்க வேண்டும். வேலை அதிகபட்சம் நான்கு மாதம். அது முடிந்தபின் ஊர் சுற்ற 30 நாள் தருவார்கள், அந்த 30 நாளில் வேலை செய்யக்கூடாது. அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஸ்பான்சர் அமைப்பு ஒன்று டிஎஸ்-2019 என்ற படிவம் கொடுத்தால்தான் விசாவுக்கே விண்ணப்பிக்க முடியும். சிங்கப்பூரில் நீங்கள் பணம் கட்டும் ஏஜென்ட் வேறு, அந்த ஸ்பான்சர் வேறு. டிஎஸ்-2019இல் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள்தான் உங்கள் மகளுக்குப் பொறுப்பு. அந்தப் பெயர் வெளியுறவுத் துறையின் பட்டியலில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருக்கும் பிள்ளைகள் செய்யும் ஒரு தவறு உண்டு. சுற்றுலாவுக்கு விசா வேண்டாம், இணையத்தில் வாங்கும் ஈஸ்டா என்ற பயண அனுமதி போதும் என்று பழகிவிட்டதால் இதற்கும் அப்படியே போய்விடலாம் என்று நினைக்கிறார்கள். ஈஸ்டாவில் போய் ஒரு நாள் வேலை செய்தாலும் அது சட்ட மீறல். ஜே-1 எடுத்தே ஆக வேண்டும், நேப்பியர் ரோட்டில் இருக்கும் அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணல் உண்டு. 2025 ஜூன் முதல், இந்த வகை விசாவுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுப் பார்வைக்குத் திறந்து வைக்கவும் சொல்கிறார்கள். மகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இனி தேதி விஷயம். என் அனுபவத்தில் பாதிப் பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது.

ஓஷன் சிட்டி, அட்லாண்டிக் கடலோரமாகப் பத்து மைல் நீளத்துக்குக் கிடக்கும் ஒரு மணல் தீவு. ஆண்டு முழுவதும் அங்கே குடியிருப்பவர்கள் சுமார் 7,000 பேர். கோடையின் வாரக் கடைசியில் அதே மணலில் மூன்று லட்சம் பேர் வரை இருப்பார்கள். மே கடைசித் திங்கட்கிழமையில் வரும் மெமோரியல் டே தொடங்கி, செப்டம்பர் முதல் திங்கட்கிழமையில் வரும் லேபர் டே வரை அந்த ஊர் முழு ஆண்டுக்கான சம்பாத்தியத்தையும் பார்த்தாக வேண்டும். பள்ளி திறந்துவிட்டால் குடும்பங்கள் கடற்கரைக்கு வராது. அந்த ஊருக்குக் கோடைப் பருவம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஓர் உதாரணம்: 2016இல் மேரிலாந்து ஆளுநர் லாரி ஹோகன், மாநிலப் பள்ளிகளை லேபர் டே கழிந்த பிறகே திறக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். அதை அறிவிக்க அவர் தேர்ந்தெடுத்த இடம் ஓஷன் சிட்டியின் மர நடைபாதை. மூன்றாண்டுக்குப் பிறகு மாநில சட்டமன்றம் அதை மாற்றிவிட்டது.

உங்கள் மகளுக்கோ ஆகஸ்ட் தொடக்கத்தில் வகுப்பு ஆரம்பம். முதலாளிக்கு ஆள் மிகவும் தேவைப்படுவது ஆகஸ்டில்தான், ஏனென்றால் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் அந்த மாதத்தில் ஒவ்வொருவராகக் கிளம்பிவிடுவார்கள். பருவம் முடியும் வரை நிற்பவர்களுக்குச் சில இடங்களில் போனஸ் தருவதும் அதனால்தான். "லேபர் டே வரை இருப்பேன் என்று எழுதிவிடு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சில ஏஜென்டுகள் சொல்லிக் கொடுப்பார்கள். தயவுசெய்து அதற்கு உடன்படாதீர்கள். ஜூலைக் கடைசியில் கிளம்புவேன் என்று தெரிந்தே ஏற்றுக்கொள்ளும் முதலாளியைத் தேடினால் கிடைப்பார், கொஞ்சம் நாளாகும். பொய்த் தேதி எழுதிப் போன ஒரு மாணவன், ஜூலையில் உண்மையைச் சொன்னதும் ஷிஃப்ட் குறைந்து, கடைசி மூன்று வாரம் வாடகைக்கே திண்டாடினான். அங்கிருந்து அவன் என்னிடம் பேசியதை என்னால் மறக்க முடியவில்லை.

பணத்தைப் பற்றி. மேரிலாந்தில் 2024 ஜனவரி முதல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 15 அமெரிக்க டாலர். அமெரிக்க மத்தியச் சட்டப்படியான ஊதியம் 2009 முதல் 7.25 டாலரிலேயே நிற்கிறது, சில தென் மாநிலக் கடற்கரை ஊர்களில் சட்டம் கேட்பது அவ்வளவுதான். எனவே எந்தக் கடற்கரை என்பதும் முக்கியம். வாரம் 40 மணி நேரம் கிடைத்தால் 600 டாலர், பத்து வாரத்துக்கு 6,000. ஜே-1 மாணவர்களுக்கு சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவம்) பிடித்தம் கிடையாது. முதல் சம்பளச் சீட்டில் அவை பிடிக்கப்பட்டிருந்தால் உடனே கேட்க வேண்டும். வருமான வரி மட்டும் உண்டு. அதற்குச் சுமார் 800, பங்கு அறைக்கு வாரம் 150 வீதம் 1,500, சாப்பாட்டுக்கு 700, சில்லறைச் செலவு 300 என்று வைத்தால் கையில் நிற்பது 2,700 டாலர் அளவு. இது என் தோராயக் கணக்குதான், ஆனால் கூடுதல் ஆசை காட்டாத கணக்கு. விமானச் சீட்டு, ஏஜென்ட் கட்டணம், விசாவுக்கு 185 டாலர், செவிஸ் என்ற வெளிநாட்டு மாணவர் பதிவேட்டுக்கு 35 டாலர் எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய அதே தொகை வந்துவிடும். போட்ட பணம் திரும்பி வரும், ஊர் சுற்றக் கொஞ்சம் மிஞ்சலாம். கல்விக் கட்டணத்தை இதில் சேர்த்துக் கட்டிவிடலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

டிப்ஸ் வாங்கும் உணவக வேலையில் முதலாளி கொடுக்கும் அடிப்படை மணிக்கு 3.63 டாலர் வரை குறையலாம். டிப்ஸும் சேர்த்து 15 வராவிட்டால் மீதியை அவர் ஈடுகட்ட வேண்டும் என்பது சட்டம். ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள், பருவகாலக் கேளிக்கை இடங்களுக்கு மத்தியச் சட்டத்தில் அதற்கு விலக்கு இருக்கிறது. இன்னொன்று, மழை வாரம் வந்தால் கூட்டம் இருக்காது, வேலை நேரமும் குறையும். அதனால்தான் கடிதத்தில் "வாரத்துக்குக் குறைந்தது இத்தனை மணி நேரம்" என்ற வரி இருக்கிறதா என்று தேடச் சொல்கிறேன். அந்த வரி இல்லாத கடிதத்தில் கையெழுத்து வேண்டாம்.

எந்த வேலை என்பதிலும் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2011 ஆகஸ்டில் பென்சில்வேனியாவில், இதே திட்டத்தில் வந்த நூற்றுக்கணக்கான மாணவர்கள் ஒரு சாக்லேட் கிடங்கில் பெட்டி தூக்கிச் சலித்து வேலைநிறுத்தம் செய்தார்கள். பண்பாட்டுப் பரிமாற்றம் என்று கூப்பிட்டு இரவெல்லாம் பாரம் தூக்க வைத்தது அமெரிக்காவிலேயே பெரிய செய்தியானது. அடுத்த ஆண்டே விதிகள் கடுமையாயின. இப்போது கிடங்கு, தொழிற்சாலை, தனியார் வீட்டு வேலை, ஊர் ஊராய்ப் போகும் ராட்டினக் கூட்டம் எல்லாமே தடை. பெரும்பாலும் இரவு 10 முதல் காலை 6 வரை நடக்கும் வேலையும் கூடாது. ஹோட்டல் வரவேற்பு, அறை சுத்தம், நடைபாதைக் கடைகள், ராட்டின இயக்கம், மளிகைக் கடைக் கல்லா ஆகியவைதான் ஓஷன் சிட்டியில் வழக்கமாகக் கிடைப்பவை. இரண்டாவது வேலை பார்க்கவும் செய்யலாம், ஆனால் ஸ்பான்சர் அதைச் சரிபார்த்து அனுமதித்த பிறகுதான். கூடப் படித்தவள் கூப்பிட்டாள் என்று அடுத்த கடையில் போய் நின்றால் விசாவே போய்விடும்.

பாதுகாப்புப் பற்றித்தான் அதிகம் கேட்டிருந்தீர்கள். உங்கள் மனதில் இருப்பது கெட்ட ஆட்கள். எனக்கு முதலில் கவலை தருவது சாலை. தீவின் நடுவே ஓடும் கோஸ்டல் ஹைவே எட்டுத் தடம் கொண்டது. நள்ளிரவில் ஷிஃப்ட் முடிந்து, விளக்கில்லாத சைக்கிளில் அதைக் குறுக்கே கடக்கும் மாணவர்கள் அடிபடுகிறார்கள். ஜனம் கண்ட இடத்தில் கடக்காமல் இருக்க, ஒரு பகுதியில் நடுவே வேலியே போட்டிருக்கிறார்கள். போன அன்றே சைக்கிளுக்கு முன்னும் பின்னும் விளக்கு வாங்கச் சொல்லுங்கள், இரவில் பேருந்தில் வரச் சொல்லுங்கள். நம் ஊரில் வண்டி இடப்பக்கம் போகும், அங்கே வலப்பக்கம். களைத்துப்போன பிள்ளை பழக்கத்தில் தவறான பக்கம் பார்த்துவிட்டுச் சாலையில் கால் வைத்துவிடுவாள்.

அடுத்தது கடல். சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கால் நனைத்த பிள்ளைக்கு அட்லாண்டிக் அலை புதிது. கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் அங்கே அடிக்கடி உண்டாகும். கடற்கரை உயிர்காப்புக் காவலர்கள் காலை 10 முதல் மாலை 5.30 வரைதான் நிற்பார்கள், வேலை முடிந்து மாணவர்கள் குளிக்கப் போவது அதற்குப் பிறகு. காவலர் இல்லாத நேரத்தில் இடுப்பளவு நீருக்கு மேல் வேண்டாம் என்று சத்தியம் வாங்கிக்கொள்ளுங்கள். இழுத்துவிட்டால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும்.

மதுவுக்கு அங்கே வயது 21. மேரிலாந்தில் 2023 ஜூலை முதல் 21 வயதானவர்களுக்குக் கஞ்சா தடையில்லை, ஆனால் அமெரிக்க மத்தியச் சட்டத்தில் அது இன்னும் குற்றம், விசாக்காரர்களுக்கு அதுதான் பொருந்தும். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் போதைப்பொருள் எடுத்தாலும் இங்கே தண்டனை உண்டு. இதை மகளிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். சந்தேகப்படுவதாக நினைக்கமாட்டாள். என்னிடம் வரும் பிள்ளைகளிடம் நான் நேராகவே சொல்கிறேன், ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை.

ஸ்பான்சர் தரும் மருத்துவக் காப்பீடு ஒரு நோய்க்கு அல்லது விபத்துக்குக் குறைந்தது ஒரு லட்சம் டாலர் வரை இருக்க வேண்டும் என்பது விதி. அட்டையைப் படமெடுத்து நீங்களும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி கடப்பிதழைப் பிடித்து வைத்தாலோ, சம்பளம் தராவிட்டாலோ ஸ்பான்சரிடம் சொல்ல வேண்டும். ஸ்பான்சரும் கேட்காவிட்டால் வெளியுறவுத் துறை ஜே-1 மாணவர்களுக்கென்றே வைத்திருக்கும் 1-866-283-9090 என்ற எண் இருக்கிறது. அதை அவள் கைபேசியில் இப்போதே பதிந்து வையுங்கள்.

கடைசியாக அவள் அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். மூன்றாம் ஆண்டு விடுமுறையை இதற்குச் செலவிடுகிறேன் என்று அவள் சொல்லியிருந்தால், வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். அந்த விடுமுறை துறைசார்ந்த இன்டர்ன்ஷிப்புக்கு உரியது, பட்டம் முடிக்கும்போது முதல் வேலை பெரும்பாலும் அதன் வழியாகத்தான் வருகிறது. இரண்டாம் ஆண்டு அப்படியில்லை. நாற்பது பேர் வரிசையில் நிற்க, வறுத்த உருளைக்கிழங்குக் கடையில் ஒரு ஆள் வராத நாளில் கல்லாவைச் சமாளித்த பிள்ளைக்கு, பிற்பாடு நேர்காணலில் "நெருக்கடியில் என்ன செய்தாய்?" என்ற கேள்விக்குச் சொந்தமாகச் சொல்ல ஒன்று இருக்கும். போன இரண்டு ஆண்டில் இப்படிப் போய் வந்தவர்களிடம் நான் கண்ட மாற்றம் பேச்சில்தான். அந்நியரிடம் தயங்காமல் பேசினார்கள், தங்கள் கூலியைக் கணக்குப் பார்த்துக் கேட்கவும் தெரிந்திருந்தது. மேஜை துடைத்ததை வேலை விண்ணப்பத்தில் மறைக்கத் தேவையில்லை என்று அவள் அப்பாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

சரி, இந்த வாரம் செய்ய வேண்டியது. அந்த முதலாளியோடு மகள் வீடியோவில் பேசட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், பேச வேண்டாம். வாரத்துக்குக் குறைந்தது எத்தனை மணி நேரம், தங்கும் அறையில் எத்தனை பேர், ஜூலைக் கடைசியில் கிளம்புவது சம்மதமா என்று அவளே கேட்கட்டும். பதில்கள் கடிதத்தில் எழுத்தாக வரும் வரை அங்கே தங்கும் அறைக்கு முன்பணம் எதுவும் அனுப்பாதீர்கள். கடிதம் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், சனிக்கிழமை மூன்று பேருமாக வந்தால் வரி வரியாகப் படித்துவிடலாம்.