காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரையோடு கால்சியம், மெக்னீசியம் மாத்திரைகளையும் போடுகிறேன், வயிறு கலக்குகிறது. கால்சியமும் மெக்னீசியமும் ஒரே வேளையில் போடலாமா?

பொதுவாகச் சேர்த்துப் போடலாம். ஆனால் வெறும் வயிற்றில் இரண்டையும் போட்டதும் வயிறு கலக்குகிறது என்கிறீர்களே, அது பெரும்பாலும் மெக்னீசியத்தின் வேலை. கால்சியம் மலத்தை இறுக்கும் ரகம். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 'மெக்னீசியம் ஆக்சைடு' என்று போட்டிருந்தால் சந்தேகம் இன்னும் பலக்கும்.

ஒரு வாரம் பிரித்துப் போட்டுப் பாருங்கள்: கால்சியம் கார்பனேட் 500 மி.கி. மதியச் சாப்பாட்டோடு, மெக்னீசியம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம். கால்சியம் ஒரே வேளையில் 500-ஐத் தாண்டினால் உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது.

காலையில் தைராய்டு மாத்திரையும் கூடவே போடுகிறீர்கள், எனக்கு அதுதான் உறுத்துகிறது. அதற்கும் இவற்றுக்கும் 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இரண்டையும் தொடாதீர்கள்.