வாசகர் கேள்வி: வரிவிலக்குப் பெறும் அரசியல் பணத்துக்குக் கணக்கு உண்டா?

கேள்வி: நியூ ஜெர்சியில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, ஒரு வேட்பாளரைத் தாக்கும் விளம்பரம் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப வந்தது. வெளியிட்ட அமைப்பின் பெயர் எந்தக் கட்சியினுடையதும் அல்ல. “அது 527 அமைப்பு, வரி கட்டாது, ஆனால் கணக்குக் காட்டும்” என்றான் மகன். யாரிடம், எப்படிக் காட்டும்?
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்

பதில்: 527 என்பது அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் ஒரு பிரிவு எண். வேட்பாளர்களை வெற்றிபெறச் செய்யவோ தோற்கடிக்கவோ பணம் திரட்டிச் செலவிடும் அமைப்புகளுக்காக 1975இல் அது சேர்க்கப்பட்டது. நன்கொடையாக வந்து தேர்தல் பணிக்கே செலவாகும் தொகைக்கு வரி இல்லை. அந்தப் பணத்தை முதலீடு செய்து வட்டி ஈட்டினால் அதற்கு வரி உண்டு. வரிச் சட்டத்தின் பார்வையில் கட்சிகளும் வேட்பாளர்களின் பிரசாரக் குழுக்களும்கூட 527 அமைப்புகள்தாம். ஆயினும் அவை கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்திடம் கணக்குக் கொடுத்துவிடுவதால், பேச்சுவழக்கில் 527 என்றால் அந்த ஆணையத்தில் பதியாமல், ஐ.ஆர்.எஸ். எனப்படும் வரித்துறையிடம் மட்டும் பதிந்துகொண்ட குழு என்றே பொருள்.

இந்த இரண்டாம் வகைக் குழுக்கள், “இவருக்கு வாக்களியுங்கள்” என்று வெளிப்படையாகச் சொல்லாமல் ‘பிரச்சினைகளைப் பேசுகிறோம்’ என்ற பெயரில் விளம்பரம் செய்து, தேர்தல் ஆணையத்தின் விதிகளிலிருந்தும் நன்கொடையாளர் பெயரை வெளியிடும் கடமையிலிருந்தும் ஒருசேரத் தப்பிவந்தன. 2000ஆம் ஆண்டு மார்ச்சில், குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வில் ஜார்ஜ் புஷ்ஷுடன் மோதிக்கொண்டிருந்த ஜான் மெக்கெய்னைத் தாக்கி, ‘தூய காற்றுக்கான குடியரசுக் கட்சியினர்’ என்ற பெயரில் ஏறத்தாழ 25 லட்சம் டாலருக்கு விளம்பரங்கள் வந்தன. பெயரைக் கேட்டால் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் திரண்ட இயக்கம் என்றே தோன்றும். பின்னால் இருந்தவர்களோ புஷ்ஷின் ஆதரவாளர்களான டெக்சாஸ் செல்வந்தர்கள் இருவர், வைலி சகோதரர்கள். அந்த ஆண்டு ஜூலை 1ஆம் தேதியே, வரிவிலக்கு வேண்டுமானால் கணக்கை வெளியிட வேண்டும் என்ற திருத்தச் சட்டத்தில் அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்டார்.

கேள்வி: அந்தக் கணக்கில் என்ன விவரங்கள் இருக்கும்? நம்மைப் போன்றவர்கள் அதைப் பார்க்க முடியுமா?
— ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: பார்க்கலாம். ஐ.ஆர்.எஸ். இணையதளத்தில் எவரும் கட்டணமின்றித் தேடிப் பார்க்க முடியும். அமைப்பு தொடங்கிய 24 மணி நேரத்துக்குள், அதன் நோக்கம், பொறுப்பாளர்கள், தொடர்புடைய பிற அமைப்புகள் ஆகியவற்றைச் சொல்லும் 8871ஆம் எண் படிவத்தைக் கொடுக்க வேண்டும். ஆண்டு வரவு 25,000 டாலரை எட்டாது என்று எதிர்பார்க்கும் சிறு குழுக்களுக்கு இது தேவையில்லை.

சுவாரசியமானது அடுத்து வரும் 8872ஆம் படிவம். ஓர் ஆண்டில் மொத்தமாக 200 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தவரின் பெயர், முகவரி, தொழில், அவர் வேலை செய்யும் நிறுவனம் ஆகியவையும், 500 டாலருக்குக் குறையாமல் பணம் பெற்றவர்களின் விவரமும் அதில் இருக்கும். பலரும் நன்கொடைப் பட்டியலோடு நின்றுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் செலவுப் பட்டியலே அதிகம் பேசும்: வெவ்வேறு பெயர்களில் இயங்கும் மூன்று அமைப்புகள் ஒரே விளம்பர முகவருக்குப் பணம் கொடுத்திருந்தால், அவற்றைப் பற்றி மேலும் விசாரிக்க அதுவே போதுமான காரணம்.

கேள்வி: கணக்குக் கொடுக்காவிட்டால் அமைப்பை முடக்கிவிடுவார்களா?
— வணிகவியல் மாணவர், பாளையங்கோட்டை

பதில்: மாட்டார்கள். பதிவே செய்யாத அமைப்புக்கு நன்கொடையும் வரிக்கு உட்பட்ட வருமானமாகிவிடும். பதிந்த பின் விவரத்தை மறைத்தால், மறைத்த தொகைக்கு நிறுவன வரியின் உச்ச விகிதத்தில் வரி விதிக்கப்படும். முன்பு 35 சதவீதமாக இருந்த அவ்விகிதம் 2018 முதல் 21 சதவீதம். இது பேச்சுரிமையைப் பறிக்கிறது என்று தொடரப்பட்ட வழக்கை 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. பெயரை வெளியிடு என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, வரிச் சலுகைக்கு அதை நிபந்தனையாக்குகிறது, வேண்டாதவர்கள் சலுகையை விட்டுவிடலாம் என்பது அதன் நிலைப்பாடு. வாதம் சரியானதுதான். ஆனால் வரிவிகிதம் 21 சதவீதத்துக்கு இறங்கியபோது, ரகசியத்தின் விலையும் கூடவே இறங்கிவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: அப்படியானால் சட்டப்படியே பெயரை மறைத்துப் பணம் கொடுக்க வேறு வழி இல்லையா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு

பதில்: இருக்கிறது, அதுவும் அடுத்த கதவிலேயே. 501(சி)(4) என்ற பிரிவின்கீழ் வரும் ‘சமூக நல’ அமைப்புகளும் வரிவிலக்குப் பெறுகின்றன. அரசியல் அவற்றின் முதன்மைப் பணியாக இல்லாதவரை அதிலும் ஈடுபடலாம். நன்கொடையாளர் பெயரைப் பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டு விதித்திருத்தத்துக்குப் பின் வரித்துறைக்கும் அப்பெயர்களை அனுப்ப வேண்டியதில்லை. 527 அமைப்புகளுக்கு அந்தத் தளர்வு கிடைக்கவில்லை. அதோடு, 527 அமைப்புகளாக இயங்கித் தேர்தல் விதிகளை மீறியதற்காக, 2004 தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜான் கெர்ரியைத் தாக்கிய ‘ஸ்விஃப்ட் போட்’ குழுவுக்கு 2,99,500 டாலரும், மறுபக்கம் ஜனநாயகக் கட்சிக்கு ஆதரவாக இயங்கிய ‘அமெரிக்கா கமிங் டுகெதர்’ அமைப்புக்கு 7,75,000 டாலரும் தேர்தல் ஆணையம் அபராதம் விதித்தது. 2010இல் ‘சிட்டிசன்ஸ் யுனைடெட்’ வழக்கில் உச்ச நீதிமன்றம், நிறுவனங்கள் வேட்பாளர்களுடன் சேராமல் தனித்துத் தேர்தலில் செலவிடலாம் என்று தீர்ப்பளித்ததும், பெரும்பணம் அவ்வாறு தனித்துச் செலவிட வரம்பின்றி நன்கொடை திரட்டும் ‘சூப்பர் பேக்’ குழுக்களுக்கும் இந்தச் சமூக நல அமைப்புகளுக்கும் நகர்ந்தது. சூப்பர் பேக் தன் நன்கொடையாளர்களைத் தேர்தல் ஆணையத்திடம் சொல்லியாக வேண்டும். எனினும் ஒரு சமூக நல அமைப்பு அதற்கு ஒரு கோடி டாலர் கொடுத்தால், பட்டியலில் வருவது அந்த அமைப்பின் பெயர் மட்டுமே.

கேள்வி: நம் கட்சிகளுக்கும் இப்படி நிபந்தனை உண்டா?
— அதே மாணவர்

பதில்: உண்டு. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 13ஏ பிரிவு, கட்சிகள் கணக்கேடுகளைப் பராமரித்துத் தணிக்கை செய்வதையும், 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகளைத் தேர்தல் ஆணையத்திடம் தெரிவிப்பதையும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்காதிருப்பதையும் வரிவிலக்குக்கு நிபந்தனையாக்கியது. 2024 பிப்ரவரி 15இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த தேர்தல் பத்திரங்கள்தாம் இங்கே அந்த அடுத்த கதவாக இருந்தன. ஒரு முக்கிய வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மறைத்த தொகைக்கே வரி. இங்கோ, 2018 டிசம்பர் 31 கெடுவைத் தாண்டி 33 நாள் கழித்து வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்த காங்கிரஸ் கட்சிக்கு, ஏறத்தாழ 199 கோடி ரூபாய்க்கான விலக்கு முழுவதும் மறுக்கப்பட்டது. வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 ஜூலையில் அதை உறுதிசெய்தது.